கல்லைத் தேய்த்தது எந்த எறும்பு?

போன பதிவு சினிமா, அதற்கு முந்தையது ஹாஸ்டல் சாம்பார். இந்த முறை எறும்பு. ஓடிவிடாதீர்கள் மக்களே, விஷயம் எறும்பைப் பற்றிக்கூட இல்லை. பல்கலைக்கழக லேப்களில் எறும்பை ஆராய்கிற மனிதர்களைப் பற்றியது. கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும். மாற்றுக்கருத்து உள்ளவர்கள் பின்னூட்டத்தில் வந்து திட்டலாம். ஆட்டோ மட்டும் அனுப்ப வேண்டாம் :-)

அறிவியல் செய்திகளுக்கென்று ஒரு வார்ப்பு இருக்கிறது. "எறும்புகள் இன்ன மாதிரி நடந்துகொள்வதை இன்ன பல்கலைக்கழகப் பேராசிரியர் கண்டுபிடித்துள்ளார்." பக்கத்தில் ஒரு போட்டோ. வெள்ளைக் கோட்டு, கையில் பூதக்கண்ணாடி, முகத்தில் சிந்தனை. அந்த எறும்பின் முதுகில் தெரிகிற பச்சைப் புள்ளியை யார் வைத்தார்கள், அது அலைந்து திரிந்ததை ராத்திரி முழுக்க வீடியோவில் பார்த்து யார் குறித்தார்கள் என்று நாம் கேட்பதில்லை. செய்தி எழுதியவரும் கேட்கவில்லை.

என் கட்சி ஒன்றே ஒன்றுதான். எறும்பு லேபின் வேலை பல கைகள் சேர்ந்து செய்வது. அதை ஒரே பெயரில் எழுதுவது பொய்க்கணக்கு. வேறு துறைக்காரர்கள் இந்தக் கணக்கை எழுதினால் பழக்கதோஷம் என்று விட்டுவிடலாம். எறும்புத் துறையில் விட முடியாது. ஏனென்றால், மேலே ஒருவர் உட்கார்ந்து ஆணையிட்டால்தான் பெரிய வேலை நடக்கும் என்ற நம்பிக்கையை ஆதாரத்தோடு உடைத்தவர்களே இவர்கள்தான்.

முதலில், லேபுக்குள் என்ன நடக்கிறது?

காலையில் முதல் வேலை தண்ணீர். எறும்புக் காலனிகள் பெரும்பாலும் பிளாஸ்டர் ஊற்றிய பெட்டிகளில் இருக்கும். பிளாஸ்டர் காய்ந்தால் புழுக்கள் செத்துப்போகும், அதிகம் நனைந்தால் பூஞ்சை பிடிக்கும். அடுத்தது சாப்பாடு. சர்க்கரைத் தண்ணீர், பழ ஈ, சுவர்க்கோழி. அந்த ஈயையும் சுவர்க்கோழியையும் வளர்க்கத் தனியாக ஒரு ஆள் வேண்டும். பெட்டியின் உள்சுவரில் எறும்பு ஏறாமல் இருக்க ஃபுளுவான் என்ற வழுக்குப் பூச்சு தடவ வேண்டும். ஒரு மூலையில் விட்டுப்போனால் மறுநாள் காலனி பெட்டியில் இருக்காது, பக்கத்து மேஜை கம்ப்யூட்டருக்குள் இருக்கும். செத்ததை எண்ண வேண்டும், நோட்டில் எழுத வேண்டும். எறும்புக்குத் தீபாவளி லீவு தெரியாது. ஆகவே பார்த்துக்கொள்பவருக்கும் இல்லை.

எறும்பைப் பிடிக்கிற கருவி இன்னும் வேடிக்கை. ஒரு சின்னக் குப்பி, இரண்டு குழாய். ஒரு குழாயை எறும்பின் மேல் வைத்து, இன்னொன்றை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும். நடுவில் வலை இருப்பதால் எறும்பு வாய்க்குள் வராது. ஆனால் கட்டெறும்பு வகையறா பீய்ச்சும் ஃபார்மிக் அமிலத்தின் ஆவியை அந்த வலை நிறுத்தாது. தொண்டை எரியும், இருமல் வரும். பேப்பரில் இது "எறும்புகள் சேகரிக்கப்பட்டன" என்று ஒரு செயப்பாட்டு வினையாக வரும். யார் சேகரித்தார், யார் இருமினார்? தமிழோ ஆங்கிலமோ, செயப்பாட்டு வினையைப் போல ஆளை மறைக்கிற சாதனம் வேறு இல்லை.

அடையாளம் வைப்பது அடுத்த கட்டம். இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ள எறும்பைக் குளிரில் வைத்து மயக்கி, மைக்ராஸ்கோப்புக்கு அடியில், மெல்லிய கம்பி நுனியால் தலையில் ஒரு நிறம், முதுகில் ஒரு நிறம், வயிற்றில் ஒரு நிறம். நூறு எறும்பு என்றால் நூறு தனித்தனி வண்ணக் கூட்டு. கை நடுங்கினால் பெயிண்ட் கண்ணிலோ காலிலோ ஒட்டி எறும்பு செத்துப்போகும். இதை "மார்க்கிங்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம்.

சும்மா சொல்லவில்லை, நடந்த கதையைப் பாருங்கள். 2013ல் சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கட்டுரை 'சயின்ஸ்' இதழில் வந்தது. ஆறு காலனிகள். ஒவ்வொரு எறும்பின் முதுகிலும் ஒரு குட்டி பார்கோடு. 41 நாட்கள், ஒரு நொடிக்கு இரண்டு முறை ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது என்று கேமரா பதிவு செய்தது. எறும்புகளுக்கு இடையே 90 லட்சத்துக்கும் மேற்பட்ட சந்திப்புகள் கணக்கில் வந்தன. குழந்தை பார்ப்பவை, துப்புரவு செய்பவை, வெளியே இரை தேடுபவை எனக் காலனி பிரிந்திருப்பதும், வயதாக ஆக ஒரு எறும்பு ஒரு குழுவிலிருந்து அடுத்த குழுவுக்கு நகர்வதும் அதில் தெரிந்தது. "கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டது" என்று சொல்லத் தோன்றும். அந்த நூற்றுக்கணக்கான பார்கோடுகளை எறும்பின் முதுகில் ஒட்டியது கம்ப்யூட்டரா? கட்டுரையின் முதல் பெயர் டேனியல் மெர்ஷ். அப்போது அவர் அங்கே ஆராய்ச்சி மாணவி.

இன்னொன்று 2017. எறும்பில் முதன்முறையாக மரபணுவைத் திருத்தினார்கள். நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகக் குழு ஒன்று, நியூயார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் உள்ள இன்னொரு குழு ஒன்று, 'செல்' இதழில் ஒரே நேரத்தில் கட்டுரைகள். ஆர்கோ என்ற மரபணுவைக் கெடுத்தால் எறும்பு மோப்பம் இழந்து, கூட்டத்தோடு சேராமல் தனியாகத் திரிகிறது. அருமையான முடிவு. அதற்கு என்ன செய்ய வேண்டும் தெரியுமா? கண்ணுக்கே சரியாகத் தெரியாத முட்டைகளில் ஒவ்வொன்றாகக் கண்ணாடி ஊசியால் குத்த வேண்டும். பெரும்பாலானவை செத்துப்போகும். பிழைத்ததை வளர்க்க வேண்டும். இப்படி ஆயிரக்கணக்கில். ராக்ஃபெல்லர் கட்டுரையின் முதல் பெயரான வேரிங் டிரிபிள் அப்போது ஆராய்ச்சி மாணவர்.

இங்கே பேப்பர் எழுதுகிறவர்களின் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன், தெரியாதவர்களுக்காக. உயிரியலில் முதல் பெயர் பொதுவாக வேலையை முன்னின்று செய்தவருடையது. கடைசிப் பெயர் லேபின் தலைவருடையது. அதாவது பேப்பரில் பாதி நியாயமாவது இருக்கிறது. செய்தியாக வெளியே வரும்போது கடைசிப் பெயர் முன்னால் வந்து, முதல் பெயர் காணாமல் போகிறது. தண்ணீர் ஊற்றியவர், சுவர்க்கோழி வளர்த்தவர், வீடியோ பார்த்த இளங்கலை மாணவி எல்லாம் அந்தப் பட்டியலிலேயே இல்லை. அவர்கள் கட்டுரையின் வாலில், நன்றியுரை என்ற இடத்தில், சின்ன எழுத்தில். சில சமயம் அதுவும் இல்லாமல் "லேப் உறுப்பினர்களுக்கு நன்றி" என்று மொத்தமாக. கல்யாண வீட்டில் "வந்திருந்து வாழ்த்திய அனைவருக்கும் நன்றி" போடுவது மாதிரி.

ராணி ஆட்சி செய்வதில்லை சாமி

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் டெபோரா கார்டன் 1985ல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ரோடியோ என்ற ஊருக்குப் பக்கத்துப் பாலைவனத்தில் ஒரு வேலையைத் தொடங்கினார். சிவப்பு அறுவடை எறும்புகளின் சுமார் 300 புற்றுகள். வருடா வருடம் கோடையில் போய் எந்தப் புற்று உயிரோடு இருக்கிறது, எது செத்தது, எது புதிது என்று கணக்கெடுப்பது. முப்பது வருடங்களைத் தாண்டியும் ஓடிய ஆய்வு இது. பேராசிரியரே வெயிலில் போய் நிற்கிற லேப், அதனால் அவர்மேல் எனக்கு மரியாதை அதிகம்.

அவருடைய ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: புற்றில் யாரும் யாருக்கும் ஆணையிடுவதில்லை. ராணி ஆழத்தில் உட்கார்ந்து முட்டை இடுகிறது, அவ்வளவே. இன்றைக்கு எத்தனை பேர் இரை தேடப் போவது என்பது, இரையோடு திரும்பி வருகிறவை வாசலில் உள்ளே இருப்பவற்றை எவ்வளவு வேகத்தில் சந்திக்கின்றன என்பதைப் பொறுத்தது. எறும்பின் மேனி வாசனை பூசிய கண்ணாடி மணிகளைப் புற்றின் வாசலில் போட்டே இந்த மாதிரிச் சந்திப்புகளைச் சோதித்தார்கள் (2003ல் 'நேச்சர்' இதழில் மைக்கேல் கிரீனும் கார்டனும்). 2012ல் இதே விதியையும் இணையத்தில் தரவுப் பொட்டலங்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் முறையையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை வந்தது. அதை எழுதிய மூவரில் ஒருவர் பேராசிரியர் அல்ல, மாணவி.

இதில் என்னை உறுத்துகிற கணக்கு ஒன்று உண்டு. அந்த அறுவடை எறும்பின் புற்று இருபது முப்பது வருடம் வாழும். ராணி இருக்கும்வரை புற்று இருக்கும். வேலைக்கார எறும்போ சுமார் ஒரு வருடம். அதாவது முப்பது வருடப் புற்று என்பது, ஒரு வருட ஆயுள் உள்ளவர்கள் வந்து வந்து போய்க் கட்டியது. பல்கலைக்கழக லேபும் அச்சு அசல் அப்படித்தான். பேராசிரியர் முப்பது வருடம் இருப்பார். மாணவர்கள் இரண்டு வருடம், ஐந்து வருடம், சிலர் ஒரு கோடை மட்டும். நீண்டகால ஆய்வு என்று நாம் கொண்டாடுவதன் ஒவ்வொரு வருடக் கணக்கையும் அந்தந்த வருடம் வந்துபோன கைகள்தான் எடுத்தன. புற்றைப் பார்த்து "ராணி கட்டியது" என்று சொன்னால் இந்தத் துறையின் முதலாமாண்டு மாணவனே திருத்துவான். லேபைப் பார்த்து அதையே சொன்னால் மட்டும் யாரும் திருத்துவதில்லையே, ஏன்?

பெயர் தங்கிய கதைகள், தங்காத கதைகள்

எறும்பு வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெயர் பட்கர். 1970ல் அவினாஷ் பட்கரும் விட்கோம்பும் ஃப்ளோரிடாவின் பூச்சியியல் இதழில் ஒரு சமையல் குறிப்பு வெளியிட்டார்கள். முட்டை, தேன், அகார், வைட்டமின், உப்புகள். பல வகை எறும்புகளும் சாப்பிடுகிற ஒரு ஜெல்லி. உலகம் முழுக்க எறும்பு லேப்களில் இன்றும் அதற்குப் பெயர் "பட்கர் உணவு". ஏன் பெயர் நின்றது? சமையலை ஒரு வேலையாக மதித்து எழுதி, பெயரைப் போட்டு அச்சிட்டார்கள், அதனால் நின்றது. குறிப்பு எழுதியவர் பெயர் ஐம்பது வருடம் தாண்டி நிற்கிறது. அதைத் தினமும் கிண்டி ஊற்றுகிறவர் பெயர் அடுத்த செமஸ்டர்வரைகூட நிற்பதில்லை.

அதேபோல் ஃபீல்ட் கூடு. எறும்பைக் கண்ணாடித் தகடுகளுக்கு இடையே வைத்துப் பார்க்க, தூக்கிக்கொண்டு போகிற மாதிரி ஒரு செயற்கைக் கூடு. அடெல் ஃபீல்ட் என்ற பெண்மணி அமைத்தது. சீனாவில் மிஷனரியாக வாழ்ந்து திரும்பி, அறுபது வயதை ஒட்டி எறும்பின் பக்கம் வந்தவர். 1900களின் தொடக்கத்தில் வுட்ஸ் ஹோல் ஆய்வகத்தில் எறும்பின் மோப்பத்தைப் பற்றி வரிசையாகக் கட்டுரைகள் எழுதினார். பேராசிரியர் நாற்காலி எதுவும் அவருக்கு இல்லை. கருவிக்குப் பெயர் இருந்ததால் அவர் பெயரும் தப்பித்தது.

தப்பிக்காமல் போயிருக்க வேண்டிய பெயர் சார்லஸ் ஹென்றி டர்னர். 1867ல் சின்சினாட்டியில் பிறந்த கறுப்பினத்தவர். 1907ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம், தலைப்பு எறும்பு வீடு திரும்பும் விதம். அட்டையில் மேடையும் சாய்தளமும் செய்து, விளக்கை இடம் மாற்றி மாற்றி வைத்து, எறும்பு வெறும் வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டு நடக்கும் இயந்திரம் இல்லை, ஒளியையும் பார்க்கிறது, கற்றும் கொள்கிறது என்று காட்டினார். அப்பேர்ப்பட்டவருக்கு ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் எதுவும் லேப் கொடுக்கவில்லை. 1908 முதல் செயின்ட் லூயிஸில் சம்னர் உயர்நிலைப் பள்ளியில் வாத்தியார். லேப் இல்லை, ஆராய்ச்சி மாணவர்கள் இல்லை. வாழ்நாளில் எழுதிய கட்டுரைகள் 70க்கும் மேல். 1923ல் இறந்தார். புற்றை நெருங்கும் எறும்பு சுற்றிச் சுற்றி வருவதற்கு ஒரு ஐரோப்பிய ஆய்வாளர் டர்னரின் பெயரை வைத்தார். சொந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அவரை வேலைக்கு வைக்கத்தான் மனம் வரவில்லை. திறமை இருந்தால் தானாக மேலே வரும் என்று அட்வைஸ் செய்கிற அண்ணன்மார்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கவும்.

பெயர் வைப்பது அவ்வளவு கஷ்டமா என்றால், அதுவும் இல்லை. ஹார்வர்டின் எட்வர்ட் வில்சன் 2003ல் ஃபெய்டோல் பேரினத்தைப் பற்றிய பெரிய புத்தகத்தில் 300க்கும் மேற்பட்ட புதிய எறும்பினங்களுக்குப் பெயர் வைத்தார். ஒன்றுக்கு ஹாரிசன் ஃபோர்டு பெயர், ஆம், அந்த நடிகர்தான். இன்னொன்று ஹார்ட்டனே. பல பத்தாண்டுகளாக வில்சனின் கையெழுத்துப் பிரதிகளைத் தட்டச்சு செய்து, அவர் வேலைக்குத் துணைநின்ற கேத்லீன் ஹார்ட்டனின் பெயர். ஹீரோவுக்கு ஒன்று, டைப் அடித்தவருக்கு ஒன்று. மனசு இருந்தால் இடமிருக்கிறது.

வழக்கமான நான்கு பதில்கள்

இதைப் பேசினால் நான்கு பதில்கள் வரும். கேன்டீனில் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம்.

ஒன்று: "ஐடியா அவருடையது, பணம் கொண்டு வந்தது அவர்." சரி. அந்த இரண்டுக்கும் உரிய பெருமையைக் கொடுங்கள், யார் தடுத்தது? யோசனைக்கும் நிதிக்கும் ஒரு பங்கு என்றால் கைக்கும் கண்ணுக்கும் ஒரு பங்கு. ஆராய்ச்சிப் பங்களிப்பை 14 வகையாகப் பிரித்து, யார் எதைச் செய்தார் என்று எழுதும் 'கிரெடிட்' முறை பல இதழ்களில் வந்துவிட்டது. அதில் யோசனை, நிதி, மேற்பார்வை எல்லாம் தனித்தனி. சோதனை செய்தல், தரவைப் பராமரித்தல், எறும்பு மாதிரியான பொருட்களைக் கொடுத்து உதவுதல், இவையும் தனித்தனி. ஆக, வழி இருக்கிறது. நிரப்புகிற கைதான் கஞ்சத்தனம் செய்கிறது.

இரண்டு: "பெயிண்ட் அடிக்க மூளை வேண்டாம்." அப்படியா? அரிசோனா பல்கலைக்கழகத்தில் டேனியல் சார்போனோவும் அன்னா டோர்ன்ஹவுஸும் டெம்னோதொராக்ஸ் எறும்புகளை ஒவ்வொன்றாக வண்ணமிட்டுப் பார்த்ததால்தான் ஒரு பெரிய விஷயம் தெரிந்தது. சுறுசுறுப்புக்கு நாம் உதாரணம் காட்டுகிற எறும்பில் கணிசமானவை பெரும்பாலான நேரம் சும்மா இருக்கின்றன. 2017ல் வெளியான சோதனையில், மிகச் சுறுசுறுப்பான 20 சதவீதத்தை எடுத்துவிட்டபோது, சும்மா இருந்தவை எழுந்து அந்த வேலையை எடுத்துக்கொண்டன. சும்மா இருந்தவற்றை எடுத்தபோது அவற்றின் இடத்தை யாரும் நிரப்பவில்லை. அதாவது அவை ரிசர்வ் படை. எந்தப் புள்ளி எந்த எறும்பு என்பதில் தப்பு நடந்திருந்தால் இந்த முடிவு வந்திருக்குமா? முடிவின் அஸ்திவாரமே அந்தப் பெயிண்ட் புள்ளி. அஸ்திவாரம் போட்டவனுக்கு மூளை வேண்டாம் என்று எந்த மேஸ்திரியும் சொல்ல மாட்டார்.

போகிற போக்கில் ஒரு இடி: ஆள் குறைவாக வைத்து, இருக்கிற ஒருவரையே மூன்று பேர் வேலை பார்க்க வைத்து, அதை "எறும்பு மாதிரி உழைப்பு" என்று பாராட்டுகிற லேப்கள் இந்தப் பேப்பரை வாசலில் ஒட்டி வைக்கலாம். எறும்பே அப்படி உழைப்பதில்லை. அது ரிசர்வ் வைத்திருக்கிறது. நம் ஊரிலோ ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் காலனியே செத்துப்போகிற நிலைமை.

மூன்று: "ஆர்வத்தில்தான் வருகிறார்கள், காசு எதற்கு?" ஆர்வம் உள்ளவர்களில் காசு இல்லாமல் ஒரு கோடை முழுக்க வெளியூரில் தங்க யாரால் முடியும்? அப்பா வாடகை கட்டுகிறவர்களால் முடியும். லீவில் ஜவுளிக்கடையில் நின்றால்தான் அடுத்த செமஸ்டர் ஃபீஸ் என்கிறவர்களால் முடியாது. சம்பளமில்லாத வேலை என்பது ஆர்வத்துக்கு வைக்கிற பரீட்சை இல்லை, வீட்டு வருமானத்துக்கு வைக்கிற பரீட்சை. இங்கே ஜூனியர் ரிசர்ச் ஃபெல்லோஷிப் 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். அது காகிதத்தில். பல மாதம் கழித்து மொத்தமாக வருவதும், அதுவரை கடன் வாங்கி மெஸ் பில் கட்டுவதும் எங்கள் டிபார்ட்மெண்டு ஸ்காலர் அக்காக்களைக் கேட்டால் தெரியும். அதற்கும் கீழே ஃபெல்லோஷிப்பே இல்லாத ப்ராஜெக்ட் ஆட்கள், தினக்கூலி உதவியாளர்கள். அவர்களிடம் ஆர்வத்தைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது.

நான்கு: "கற்றுக்கொள்கிறார்கள் இல்லையா, அதுவே கூலி." இதற்கான பதிலையும் எறும்பே வைத்திருக்கிறது. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் நைஜல் ஃப்ராங்க்ஸும் டாம் ரிச்சர்ட்சனும் 2006ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். இரை இருக்கும் இடம் தெரிந்த எறும்பு, தெரியாத ஒன்றைப் பின்னால் கூட்டிக்கொண்டு போகிறது. பின்னால் வருவது வழியைச் சுற்றிப் பார்க்க நின்றால் முன்னால் போவதும் நிற்கிறது. உணர்கொம்பால் தட்டி "வந்துவிட்டேன்" என்றால்தான் மேலே நடக்கிறது. தனியாகப் போனால் ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாகப் போயிருக்கும். அந்த நஷ்டத்தை ஏற்றுக்கொண்டு சொல்லிக்கொடுப்பதால்தான் அதைக் "கற்பித்தல்" என்றே ஒப்புக்கொண்டார்கள். லேபில் புதிதாக வருகிறவனுக்குப் பெயிண்ட் வைக்கக் கற்றுக்கொடுப்பது யார்? பெரும்பாலும் மூன்றாம் வருட, நான்காம் வருட ஸ்காலர். தன் தீசிஸ் வேகத்தைக் குறைத்துக்கொண்டு சொல்லிக்கொடுக்கிறார். அந்த நஷ்டம் எந்தக் கணக்கில் ஏறுகிறது? சான்றிதழில் "வழிகாட்டி" என்ற இடத்தில் யார் கையெழுத்து? கற்பது கூலி என்றால், கற்பித்தவருக்கு என்ன கூலி?

மொட்டைக் கடிக்கிற எறும்பு

கொல்கத்தா அருகே மோகன்பூரில் இருக்கும் ஐசர் நிறுவனத்தில் சுமனா அன்னகிரியின் குழு டயகாமா இண்டிகம் என்ற எறும்பைப் பல வருடங்களாக ஆராய்கிறது. இந்த எறும்பில் தனி ராணியே கிடையாது. வீடு மாறும்போது ஒன்று இன்னொன்றைப் பின்னால் கூட்டிக்கொண்டு போகிறது. வீடு மாறும் குழப்பத்தில் பக்கத்துக் காலனி பிள்ளைத் திருட்டும் நடத்துகிறது என்று 2016ல் ஒரு கட்டுரை வந்தது. அதில் மூன்று பெயர், பேராசிரியர் பெயர் கடைசி. இதுதான் முறை, பாராட்டுகிறேன்.

டயகாமா வகை எறும்புகளிடம் இன்னொரு விசேஷம். பிறக்கும்போது எல்லா வேலைக்கார எறும்புக்கும் மார்பில் சிறகு முளைக்காத இரண்டு சின்ன மொட்டுகள் இருக்கும். அந்த மொட்டு உள்ளதுதான் இணைசேர்ந்து முட்டையிடும். தலைமை ஸ்தானத்தில் இருப்பது, புதிதாகப் பிறந்தவற்றின் மொட்டுகளைக் கடித்து எடுத்துவிடும். அப்புறம் அவை காலம் முழுக்க வேலைக்கார எறும்பு.

எறும்பு அதை இயற்கையில் செய்கிறது, அதைத் திட்ட நான் யார். மனிதர்களின் லேபில் பெயரை எடுத்துவிடுவது இதேதான். எறும்பு வளர்த்த, எண்ணிய, குத்திய அனுபவத்துக்குப் பெயர் இல்லாவிட்டால் அடுத்த வேலைக்கான விண்ணப்பத்தில் எழுத ஒன்றுமில்லை, சிபாரிசுக் கடிதம் வரவில்லை, மேற்படிப்பு இல்லை. ஆள் போய்விடுவார். அவரோடு அவர் கைப்பக்குவமும் போய்விடும். எந்த ஈரத்தில் புழு பிழைக்கும், எந்தக் காலனி எரிச்சல்காரக் காலனி என்பதெல்லாம் பேப்பரில் இல்லை, அவர் தலையில்தான் இருந்தது. அடுத்து வருகிறவர் முதலிலிருந்து காலனிகளைச் சாகடித்துக் கற்றுக்கொள்ள வேண்டும். ஆகவே இது வெறும் நியாய தர்மப் பேச்சு இல்லை. பெயரைத் தின்கிற லேப் தன் அறிவையும் சேர்த்துத் தின்கிறது.

"தரவு சேகரித்தால் மட்டும் ஆசிரியர் ஆகிவிட முடியாது, எழுத்திலும் பங்கு வேண்டும் என்று விதி இருக்கிறதே" என்று சட்டம் பேசுவார்கள். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் குழு வகுத்த அந்த விதியை முழுதாகப் படிக்கவும். வேலையில் கணிசமாகப் பங்கெடுத்தவர்களுக்கு எழுதவும் திருத்தவும் வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. வரைவைக் காட்டாமலே வைத்துவிட்டு, "நீ திருத்தவில்லை, அதனால் நீ ஆசிரியர் இல்லை" என்பது, சாப்பிடக் கூப்பிடாமல் விட்டுவிட்டு "பசியில்லை போலிருக்கிறது" என்பது மாதிரி.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய்?

பெரிய புரட்சி எல்லாம் இல்லை. எறும்பு அளவு வேலைதான்.

செய்தி எழுதுகிறவர்கள் முதல் பெயரையும் எழுதுங்கள். ஒரு பெயர் கூடினால் பத்தி உடைந்துவிடாது.

லேப் நடத்துகிறவர்கள் யார் வளர்த்தார், யார் பிடித்தார், யார் வண்ணமிட்டார், யார் எண்ணினார் என்று ஆளைச் சொல்லி எழுதுங்கள். தகுதி உள்ளவரை ஆசிரியர் பட்டியலில் சேருங்கள். மற்றவர்களுக்கு நன்றியுரையில் பெயரும் வேலையும் தாருங்கள், மொத்தமாகக் கும்பிடு போடாதீர்கள். கோடைக்கு ஆள் எடுத்தால் சாப்பாட்டுக்கும் தங்கவுமாவது பணம் கொடுங்கள்.

வகுப்புத் தோழர்களே, உங்களுக்கும் உண்டு. இந்த வருடம் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டின் நன்றியுரைப் பக்கத்தை சீனியர் ஃபைலிலிருந்து காப்பி பேஸ்ட் செய்யப் போகிறீர்கள். இறைவன், பெற்றோர், முதல்வர், துறைத்தலைவர், வழிகாட்டி, நண்பர்கள். அந்த வரிசையில் லேப் அட்டெண்டர் எங்கே? கருவியைத் தொடக் கற்றுக்கொடுத்த ஸ்காலர் எங்கே? சாவி வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையும் கதவைத் திறந்துவிட்டவர் எங்கே? அவர் பெயர் உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் நாளைக்குக் காலையில் போய்க் கேளுங்கள். ஒரு வரி போதும், ஆனால் பெயரோடும் செய்த வேலையோடும்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்கிறோம். அந்தப் பழமொழியிலும் எறும்புக்குப் பெயர் இல்லை, சரி, எறும்பு கவலைப்படாது. நாம் எறும்பு இல்லை. வாடகை கட்ட வேண்டும், அடுத்த வேலை தேட வேண்டும், அம்மாவுக்கு "நான் இதைத்தான் செய்தேன்" என்று ஒரு தாளைக் காட்ட வேண்டும். அதற்குப் பெயர் வேண்டும்.

பி.கு.: "நீ எந்த லேபில் வேலை பார்த்துக் கிழித்தாய்?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: கேள்வி நியாயமானதே. ஆனால் பதில் சொல்லும் முன், உங்கள் லேபில் தண்ணீர் ஊற்றுகிறவரின் பெயரைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். பிறகு பேசலாம் :-)